துன்பம் நிறைந்த உலகில் கடவுள் இருக்க முடியுமா?

புறநானூற்றின் 194ஆம் பாடலில் இரண்டு வீடுகள் வருகின்றன. ஒரு வீட்டில் சாவுப் பறை ஒலிக்கிறது. இன்னொரு வீட்டில் மண முழவு அதிர்கிறது. இங்கே கணவனோடு சேர்ந்திருப்பவள் பூச்சூடுகிறாள். அங்கே துணையைப் பிரிந்தவளின் மை தீட்டிய கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருக்கிறது. இதைப் பார்த்த பக்குடுக்கை நன்கணியார் என்ற புலவர், உலகைப் படைத்தவனைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்: 'படைத்தோன் மன்றஅப் பண்பிலாளன்.' இப்படிப் படைத்து வைத்திருக்கிறானே, அவன் நிச்சயம் பண்பில்லாதவன்தான் என்று பொருள்.

கவனியுங்கள், 'படைத்தவன் இல்லை' என்று புலவர் சொல்லவில்லை. இருக்கிறான் என்று வைத்துக்கொண்டுதான் திட்டுகிறார். திருவள்ளுவரும் ஓரிடத்தில் இதே போலக் கொதிக்கிறார். பிச்சை எடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டும் என்றால், 'பரந்து கெடுக உலகியற்றி யான்' என்பது 1062ஆம் குறள். உலகத்தைப் படைத்தவனும் இரப்பவனைப் போலவே அலைந்து கெட்டுப்போகட்டும் என்கிறார்.

இந்தக் கோபம் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு குழந்தைக்குப் புற்றுநோய் என்று கேள்விப்படும்போது, ஒரே இரவில் ஓர் ஊரே மண்ணுக்குள் புதைந்தது என்று செய்தி வரும்போது, 'கடவுள் என்று ஒருவர் இருந்தால் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா?' என்று மனம் கேட்கிறது. தத்துவத்தில் இதற்கு 'தீமைப் பிரச்சினை' என்று பெயர். இதைப் பற்றி முதன்முதலாகப் படிப்பவர்களுக்காகவே இந்தக் கட்டுரை. நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன், அதை மறைக்கவில்லை. ஆனால் இந்தக் கேள்வியை நம்பிக்கையின் எதிரியாகப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இது நேர்மையான கேள்வி.

கேள்வி எங்கே முளைக்கிறது?

எல்லாக் கடவுள்களுக்கும் இந்தப் பிரச்சினை கிடையாது. பழைய கிரேக்கர்களின் தெய்வங்கள் பொறாமைப்பட்டன, சண்டையிட்டன, ஒன்றை ஒன்று ஏமாற்றின. அப்படிப்பட்டவர்கள் ஆளும் உலகில் துன்பம் இருப்பதில் வியப்பில்லை. பௌத்தமும் சமணமும் உலகைப் படைத்த கடவுள் என்று ஒருவரை ஏற்பதே இல்லை. அங்கே 'துன்பம் ஏன் வருகிறது, எப்படி நீங்கும்' என்ற கேள்வி உண்டு. 'கடவுள் ஏன் விட்டுவைத்தார்' என்ற கேள்வி இல்லை.

கடவுளைப் பற்றி மூன்று விஷயங்களைச் சேர்த்துச் சொல்லும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. அவர் எல்லாம் வல்லவர். எல்லாம் அறிந்தவர். அளவில்லாத அன்புடையவர். இந்த மூன்றோடு நாலாவதாக 'உலகில் துன்பம் இருக்கிறது' என்பதையும் வைத்துப் பாருங்கள். துன்பத்தைப் பற்றி அவருக்குத் தெரியும். நீக்கும் வலிமை உண்டு. நீக்க வேண்டும் என்ற அன்பும் உண்டு. பிறகு ஏன் நீங்கவில்லை?

கி.மு. 341 முதல் 270 வரை வாழ்ந்த கிரேக்கர் எபிகூரஸின் பெயரில் இந்தக் கேள்வி வழங்கி வருகிறது. அவர் பெயரில் இதைப் பதிவு செய்தவர், சுமார் 600 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த லாக்டான்டியஸ் என்ற கிறிஸ்தவ அறிஞர். மறுப்பதற்காகத்தான் எழுதி வைத்தார். கேள்வி அவரால் பிழைத்துக்கொண்டது. 1779இல் வெளிவந்த, ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூமின் உரையாடல் நூல் அதை மறுபடியும் மேடைக்குக் கொண்டு வந்தது. நீக்க விருப்பம் உண்டு, முடியவில்லை என்றால் அவர் வலிமையற்றவர். முடியும், விருப்பம் இல்லை என்றால் தீயவர். விருப்பமும் உண்டு, வலிமையும் உண்டு என்றால் தீமை எங்கிருந்து வந்தது?

மூன்று பண்புகளில் ஒன்றை விட்டுக்கொடுத்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும். அப்படி விட்டவர்களும் உண்டு. நல்ல சக்தி, தீய சக்தி என இரண்டு மோதுகின்றன என்றது மானிகேய சமயம். அமெரிக்க யூத மதகுரு ஹெரால்ட் குஷ்னரின் மகன், சிறு வயதிலேயே உடல் மூப்படையும் நோயால் 14 வயதில் இறந்தான். அதன்பின் 1981இல் எழுதிய நூலில், கடவுள் அன்பானவர், ஆனால் எல்லாவற்றையும் தடுக்கும் வல்லமை அவருக்கு இல்லை என்ற முடிவுக்கு அவர் வந்தார். வல்லமையா அன்பா என்று வந்தபோது, அன்பை வைத்துக்கொண்டு வல்லமையை விட்டார். அந்தத் தகப்பனின் முடிவைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பெரும்பாலான நம்பிக்கையாளர்கள் மூன்றையும் பிடித்துக்கொண்டுதான் பதில் தேடுகிறார்கள். அந்தப் பாதை கடினமானது.

'இருக்கவே முடியாது' என்ற வாதம்

இங்கே ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். துன்பத்தை முன்வைத்துக் கடவுளை மறுப்பவர்கள் இரண்டு வகையாக வாதிடுகிறார்கள். முதல் வகை, 'கடவுளும் துன்பமும் சேர்ந்து இருக்கவே முடியாது' என்பது. வட்டமான சதுரம் இருக்க முடியாது என்பதைப் போன்ற கறாரான வாதம். இரண்டாவது வகை, 'சேர்ந்து இருக்கலாம்தான், ஆனால் இவ்வளவு துன்பத்தைப் பார்த்தால் கடவுள் இருப்பார் என்று நம்ப முடியவில்லை' என்பது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதி விவாதங்கள் எங்கும் போய்ச் சேருவதில்லை.

முதல் வகைக்குப் புகழ்பெற்ற வடிவம் தந்தவர் ஆஸ்திரேலியத் தத்துவவாதி ஜே. எல். மாக்கி. 1955இல் அவர் எழுதிய கட்டுரை, கடவுள் நம்பிக்கைக்கு ஆதாரம் போதாது என்று மட்டும் சொல்லவில்லை. அந்த நம்பிக்கையே தனக்குத்தானே முரண்படுகிறது என்றது.

இதற்கு மிகவும் பேசப்பட்ட பதிலை 1974இல் அமெரிக்கத் தத்துவவாதி ஆல்வின் பிளான்டிங்கா தந்தார். அதன் மையம் சுதந்திர விருப்பம். தானே தேர்ந்தெடுத்து அன்பு செய்யக்கூடிய மனிதர்கள் இருக்கும் உலகம், சாவி கொடுத்த பொம்மைகள் இருக்கும் உலகத்தைவிட மேலானது. ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமை கொடுத்தால், தவறாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் கூடவே வருகிறது. 'நீ சுதந்திரமாக இதைத்தான் செய்ய வேண்டும்' என்று கட்டாயப்படுத்துவது வட்டச் சதுரம் வரைவதைப் போன்றது. எல்லாம் வல்லவராலும் அதைச் செய்ய முடியாது. ஏனென்றால் அது ஒரு செயலே அல்ல, பொருளில்லாத சொற்கோவை.

மாக்கி இதை எதிர்பார்த்து ஏற்கெனவே ஒரு கேள்வி கேட்டிருந்தார். ஒருவன் ஒருமுறை சுதந்திரமாக நல்லதைத் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், ஒவ்வொரு முறையும் அப்படித் தேர்ந்தெடுப்பதில் என்ன முரண்பாடு? அப்படிப்பட்டவர்களை மட்டும் கடவுள் படைத்திருக்கலாமே? பிளான்டிங்காவின் மறுமொழி இது: எல்லோரும் எப்போதும் நல்லதையே தேர்ந்தெடுக்கும் உலகம் கற்பனைக்கு உரியதுதான். ஆனால் அந்த உலகம் உண்மையாவது கடவுள் கையில் மட்டும் இல்லை. தேர்ந்தெடுப்பவர்களின் கையிலும் இருக்கிறது.

பிளான்டிங்கா எதைச் சாதிக்க முயன்றார் என்பதில் தெளிவாக இருக்க வேண்டும். 'கடவுள் தீமையை அனுமதித்த உண்மையான காரணம் இதுதான்' என்று அவர் சொல்லவில்லை. 'இப்படி ஒரு காரணம் இருக்கக்கூடும். ஆகவே முரண்பாடு இல்லை' என்பதோடு நிறுத்திக்கொண்டார். ஒருவர் மீது குற்றம் சாட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'அவர் குற்றம் செய்யாமல் இருந்திருக்க வழியே இல்லை' என்கிறது எதிர்த்தரப்பு. வழி இருக்கிறது என்று காட்டினால் அந்த ஒரு வாக்கியம் விழுந்துவிடும். அவர் நிரபராதி என்று அதனால் நிரூபணம் ஆகிவிடாது.

இந்த அளவில் பிளான்டிங்கா வென்றார் என்றே இன்று பல தத்துவவாதிகள், கடவுளை ஏற்காதவர்கள் உட்பட, கருதுகிறார்கள். மாக்கியே தன் கடைசி நூலில், தயக்கத்தோடுதான் என்றாலும், கறாரான முரண்பாட்டை நிறுவிவிட முடியாது என்பதற்கு இடம் கொடுத்தார். எனவே 'கடவுளும் துன்பமும் ஒத்துப்போகுமா?' என்று யாராவது கேட்டால், தர்க்க அளவில் ஒத்துப்போகும் என்று சொல்லலாம்.

ஆனால் என்னைப் போன்ற நம்பிக்கையாளர்கள் இங்கே கொண்டாட ஆரம்பித்தால் அது தவறு. முரண்பாடு இல்லை என்பது மிகச் சிறிய வெற்றி. நாளை காலை சூரியன் பச்சை நிறத்தில் உதிக்கும் என்பதிலும் முரண்பாடு இல்லைதான். அதனால் அதை நம்பிவிடுவோமா?

பூமி நடுங்கும்போது

சுதந்திர விருப்பம் கொலையையும் போரையும் விளக்கலாம். பூகம்பத்தை?

1755 நவம்பர் 1. கத்தோலிக்கர்களுக்குப் புனிதர் அனைவர் பெருவிழா. போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்துத் தேவாலயங்களில் காலை வழிபாட்டுக்குக் கூட்டம் நிறைந்திருந்தது. பூமி அதிர்ந்து கூரைகள் இடிந்து விழுந்தன. தப்பித்துத் திறந்த வெளியைத் தேடி நீர்க்கரைக்கு ஓடியவர்களைக் கடல் அலை வாரிக்கொண்டது. பிறகு தீ, பல நாட்கள் நகரம் எரிந்தது. பல்லாயிரம் பேர் மாண்டார்கள். விழுந்தவர்களில் பலர் கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் என்பதுதான் ஐரோப்பாவின் நெஞ்சில் தைத்தது.

அதற்கு 45 ஆண்டுகளுக்கு முன், 1710இல், ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ், கடவுள் படைத்திருக்கக்கூடிய உலகங்களிலேயே சிறந்தது இதுதான் என்று வாதிட்டிருந்தார். கடவுளின் நீதிக்காக வாதாடுவதைக் குறிக்கும் 'தியோடிசி' என்ற சொல்லை உருவாக்கியவரும் அவரே. லிஸ்பனுக்குப் பிறகு அந்த வாதத்தைப் பழைய உறுதியோடு சொல்வது கடினமாகிவிட்டது. பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் அந்தப் பேரழிவைப் பற்றி ஒரு கவிதையும், பின்னர் 1759இல் லைப்னிட்ஸின் கருத்தைக் கிழித்துப்போட்ட ஒரு கதையும் எழுதினார். இளைஞராக இருந்த ஜெர்மானியத் தத்துவவாதி இமானுவேல் கான்ட், 1756இல் பூகம்பங்களின் இயற்கைக் காரணங்களைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். 'யார் பாவத்துக்குத் தண்டனை' என்ற பழைய கேள்விக்குப் பக்கத்தில், 'பூமிக்கடியில் என்ன நடக்கிறது' என்ற கேள்வியும் வந்து உட்கார்ந்துகொண்டது.

இயற்கை தரும் துன்பத்துக்கு நம்பிக்கையாளர்கள் சொல்லும் பதில்களில் ஒன்றை நான் மதிக்கிறேன். உலகம் மாறாத விதிகளின்படி நடந்தால்தான் நாம் எதையும் கற்கவும் திட்டமிடவும் முடியும். சமைக்கும் நெருப்புதான் சுடவும் செய்யும். குழந்தையின் கை படும்போது மட்டும் குளிர்ந்துவிடும் நெருப்பு என்றால், 'நெருப்பு' என்று எதையும் நாம் அறிந்திருக்கவே மாட்டோம். உடல் வலிக்கும் இப்படி ஒரு வேலை உண்டு. பிறவியிலேயே வலி உணர்வு இல்லாத குழந்தைகள் இருக்கிறார்கள். தங்கள் நாக்கையே கடித்துக்கொள்கிறார்கள். எலும்பு முறிந்தது தெரியாமல் நடக்கிறார்கள். வலி இல்லாத வாழ்க்கை வரம் இல்லை என்பதற்கு அவர்கள் உடம்பில் உள்ள தழும்புகளே போதும்.

சரி, ஆனால் இந்தப் பதில் பாதி வழிதான் வருகிறது. எச்சரிப்பதற்காக வலி என்றால், சில புற்றுநோய்கள் சிகிச்சைக்குக் காலம் கடந்த பிறகு வலிக்க ஆரம்பிப்பது ஏன்? இனி செய்ய ஒன்றுமே இல்லாத நிலையில், மாதக்கணக்கில் அந்த மணி அடித்துக்கொண்டே இருப்பது ஏன்? விதிகள் வேண்டும் என்பது புரிகிறது. இதே விதிகள், இதே அளவு வலி வேண்டுமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

கடவுளைத் தாய் தகப்பனோடு ஒப்பிடும் எல்லா உவமைகளும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. தடுப்பூசி போடும்போது கதறும் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிற அப்பா அதை வெறுப்பவர் இல்லை, அன்பால்தான் பிடிக்கிறார். குழந்தைக்குக் காரணம் புரியாது. அழகான உவமைதான். ஆனால் ஊசி இல்லாமலே நோயைத் தடுக்க அந்த அப்பாவால் முடியும் என்றிருந்தால் ஊசி போட விட்டிருப்பாரா? அப்பாவின் நியாயம் அவருடைய இயலாமையில் இருக்கிறது. எல்லாம் வல்லவருக்கு அந்த நியாயத்தைக் கடன் கொடுக்க முடியாது.

துன்பம் நம்மைச் செதுக்குகிறதா?

இன்னொரு பதில் 2ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ ஆயர் இரேனியுஸின் சிந்தனையில் வேர்கொண்டது. ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் ஹிக் 1966இல் அதை விரிவாக வளர்த்தெடுத்தார். மனிதர்கள் முழுமையாகப் படைக்கப்படவில்லை, வளர்வதற்காகப் படைக்கப்பட்டிருக்கிறார்கள். ஆபத்தே இல்லாத உலகில் துணிவு இருக்காது. யாருக்கும் எந்தத் தேவையும் இல்லாத உலகில் கருணைக்கு வேலை இருக்காது. உலகம் ஓர் இன்ப மாளிகையாக இல்லையே என்று குறைப்படுவது, பட்டறையைப் பார்த்து 'இங்கே மெத்தை இல்லையே' என்பதைப் போன்றது.

இதில் உண்மை இருக்கிறது. நான் மதிக்கும் மனிதர்களில் பெரும்பாலோர் அடிபட்டு வளர்ந்தவர்கள். ஆனால் அடிபட்டு நொறுங்கிப்போனவர்களையும் எனக்குத் தெரியும். பட்டறை என்றால், வேலை முடியும் முன்பே சிதைந்துபோகும் பொருள்கள் ஏன் இத்தனை? மனித வரலாற்றின் பெரும்பகுதியில், பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழப் பாதி வளர்ந்து ஆளாகும் முன்பே இறந்திருக்கின்றன. எந்தப் பண்பு வளர்வதற்கு அவர்களுக்கு நேரம் இருந்தது? ஹிக் இதை உணர்ந்திருந்தார். அதனால்தான் இறப்புக்குப் பின்னும் ஆன்மாவின் வளர்ச்சி தொடர்கிறது என்று அவர் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பெரியம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். 20ஆம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 30 கோடிப் பேரைக் கொன்றதாக மதிப்பிடப்படும் நோய். 1980இல் அது உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. 'அடடா, ஆன்மாவைச் செதுக்கும் ஓர் உளி போய்விட்டதே' என்று யாரும் வருந்தவில்லை. ஹிக்கின் பக்கம் நிற்பவர்கள், அந்த நோயை எதிர்த்துப் போராடியதுதான் செதுக்கல் என்பார்கள். ஏற்கத்தக்க பதில்தான். இருந்தாலும் தடுப்பூசி கண்டுபிடிக்கப்படும் முன் இறந்தவர்கள், பின்னால் வந்தவர்களின் வளர்ச்சிக்கு விலையாகக் கொடுக்கப்பட்டார்களா என்ற கேள்வி என்னை விடவில்லை.

இஸ்லாமிய இறையியலில் ஒரு பழைய கதை உண்டு. 10ஆம் நூற்றாண்டு அறிஞர் அல்-அஷ்அரி, தன் ஆசிரியர் அல்-ஜுப்பாயியிடம் கேட்டதாக வழங்குவது. மூன்று சகோதரர்கள். ஒருவன் நல்லவனாக வாழ்ந்து சொர்க்கம் போகிறான். ஒருவன் கெட்டவனாக வாழ்ந்து நரகம் போகிறான். மூன்றாமவன் சிறுவனாகவே இறந்துவிடுகிறான். சிறுவன் கடவுளிடம் கேட்கிறான்: 'எனக்கும் ஆயுளைக் கொடுத்திருந்தால் நானும் நல்லது செய்து உயர்ந்த இடம் பெற்றிருப்பேனே?' அதற்குப் பதில்: 'நீ வளர்ந்தால் பாவியாவாய் என்று எனக்குத் தெரியும். உன் நன்மைக்காகத்தான் முன்பே எடுத்துக்கொண்டேன்.' அப்போது நரகத்திலிருந்து இரண்டாமவனின் குரல் வருகிறது: 'அப்படியானால் என்னை ஏன் சிறுவயதிலேயே எடுத்துக்கொள்ளவில்லை?' ஆசிரியரால் பதில் சொல்ல முடியவில்லை என்று கதை முடிகிறது. அல்-அஷ்அரி இதிலிருந்து கடவுள் இல்லை என்ற முடிவுக்கு வரவில்லை. ஒவ்வொருவருக்கும் எது நல்லதோ அதைத்தான் கடவுள் செய்தாக வேண்டும் என்று நம் அளவுகோலை அவர்மேல் சுமத்த முடியாது என்ற முடிவுக்கு வந்தார்.

வினை என்ற விளக்கம்

இந்தியத் தத்துவங்களில் இந்தக் கேள்வி வேறு திசையில் போகிறது. வேதாந்தத்தின் அடிப்படை நூல்களில் ஒன்றான பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் இது நேரடியாகவே எழுப்பப்படுகிறது: ஒருவரை இன்பத்திலும் இன்னொருவரைத் துன்பத்திலும் வைக்கிற கடவுள் பாரபட்சமும் கொடூரமும் உள்ளவர் ஆகமாட்டாரா? சூத்திரம் சொல்லும் விடை, ஆகமாட்டார். அவர் உயிர்களின் வினையைப் பொறுத்தே படைக்கிறார் என்பது. சங்கரர் இதற்கு மழையை உவமை சொல்கிறார். மழை எல்லா நிலத்துக்கும் பொது. ஒரே மழையில் நெல்லும் முளைக்கிறது, வேறொன்றும் முளைக்கிறது. வேறுபாடு விதையில் இருக்கிறது.

அப்படியானால் முதல் பிறவியில் வேறுபாடு எங்கிருந்து வந்தது? அதற்கு முன் வினையே இல்லையே? அடுத்த சூத்திரம் இதையும் எதிர்கொள்கிறது. சம்சாரத்துக்கு, அதாவது பிறவிச் சுழலுக்கு, ஆரம்பமே கிடையாது. முதல் பிறவி என்று ஒன்று இல்லை என்கிறது.

சைவ சித்தாந்தம் இன்னும் ஒரு படி போகிறது. பதி (கடவுள்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டியிருப்பது) மூன்றும் அநாதி, அதாவது தொடக்கமில்லாதவை. உயிரைக் கடவுள் வெறுமையிலிருந்து உண்டாக்கவில்லை. உயிரைப் பற்றியிருக்கும் ஆணவ மலம் என்ற அழுக்கையும் அவர் உண்டாக்கவில்லை. செம்பில் களிம்பு போல அது எப்போதும் இருந்து வருகிறது. அதைக் கழுவுவதற்காகத்தான் உடம்பையும் உலகத்தையும் தருகிறார். அழுக்குத் துணியை வெளுக்கச் சாணியையும் உவர்மண்ணையும் பூசுவது போல என்று சிவஞான சித்தியார் உவமை சொல்கிறது. பார்ப்பதற்கு மேலும் அழுக்காக்குவது போலத் தெரியும், நடப்பது வெளுப்பு. எபிகூரஸின் கேள்விக்குள் 'எல்லாமே கடவுள் உண்டாக்கியதுதான்' என்ற ஒரு கருத்து ஒளிந்திருக்கிறது அல்லவா? சித்தாந்தம் அதையே ஏற்பதில்லை. தத்துவமாகப் பார்த்தால் இது மிக வலுவான நகர்வு என்பது என் கருத்து.

வினைக் கொள்கையில் எனக்கு உள்ள தயக்கம் வேறு. நினைவே இல்லாத குற்றத்துக்குத் தண்டனை என்றால், அதிலிருந்து தண்டிக்கப்படுபவர் எதைக் கற்க முடியும்? அதைவிட முக்கியமாக, நடைமுறையில் இது எப்படிப் பேசப்படுகிறது என்று பாருங்கள். 'போன ஜென்மத்தில் என்ன செய்தாளோ' என்ற ஒரு வாக்கியத்தில், பாதிக்கப்பட்டவள் குற்றவாளியாகிவிடுகிறாள். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு உதவும் கடமையும் கழன்றுவிடுகிறது. கொள்கையை வகுத்த ஞானிகள் அப்படிச் சொல்லவில்லை என்பது தெரியும். ஆனாலும் ஒரு விளக்கம் யார் கையில் எப்படிப் பயன்படுகிறது என்பதையும் சேர்த்தே அதை எடைபோட வேண்டியிருக்கிறது.

எரியும் காட்டில் ஒரு மான்குட்டி

இப்போது இரண்டாவது வகை வாதத்துக்கு வருவோம். இன்று விவாதம் பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது.

1979இல் அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ரோ ஓர் உதாரணம் சொன்னார். தூரத்துக் காட்டில் இடி விழுந்து தீப்பிடிக்கிறது. ஒரு மான்குட்டி கருகி, பல நாட்கள் துடித்துச் சாகிறது. யாருக்கும் தெரியாது. யாருடைய பண்பும் அதனால் வளரவில்லை. யாருடைய சுதந்திரமும் அதில் சம்பந்தப்படவில்லை. அந்தக் குட்டி இரண்டு நாள் முன்னதாகச் செத்திருந்தால் எந்தப் பெரிய நன்மை கெட்டிருக்கும்? ஒன்றும் தெரியவில்லை. எனவே காரணமே இல்லாத துன்பம் உலகில் இருக்கக்கூடும். அப்படி இருந்தால், எல்லாம் வல்ல அன்பான கடவுள் இருப்பது ஐயத்துக்குரியது.

ரோ 'நிரூபித்துவிட்டேன்' என்று சொல்லவில்லை. நம்புகிறவரும் அறிவோடு நம்பக்கூடும் என்றே கருதினார். தன் நிலையை நட்பான நாத்திகம் என்று அழைத்தார். அவர் செய்தது தராசில் எடை வைப்பது. விலங்குகளின் துன்பம் ஏற்கெனவே டார்வினையும் உறுத்தியிருந்தது. உயிருள்ள புழுவின் உடலுக்குள் இருந்து தின்று வளரும் குளவி இனத்தை, அன்பான எல்லாம் வல்ல கடவுள் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று நம்ப முடியவில்லை என்று 1860இல் ஒரு கடிதத்தில் எழுதினார். பரிணாமம் உண்மை என்றால், மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே விலங்குகள் வலியில் துடித்திருக்கின்றன. எந்த மனிதப் பாவமும் அதற்குக் காரணமாக இருக்க முடியாது.

ரோவுக்குச் சொல்லப்படும் முக்கியமான மறுப்பு இப்படிப் போகிறது. ஓர் அறையின் வாசலில் நின்று பார்க்கிறீர்கள். யானை தெரியவில்லை என்றால் யானை இல்லை என்று சொல்லிவிடலாம். கடுகு தெரியவில்லை என்பதற்காகக் கடுகு இல்லை என்று சொல்ல முடியாது. கடவுளின் காரணங்கள் யானை போன்றவையா, கடுகு போன்றவையா? நம் அறிவுக்கும் எல்லாம் அறிந்தவரின் அறிவுக்கும் உள்ள தூரத்தை நினைத்தால், அவர் காரணங்கள் நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதே தவறு. 1984 முதல் ஸ்டீபன் விக்ஸ்ட்ரா போன்றவர்கள் இதை வளர்த்தெடுத்தார்கள்.

இது வலுவான மறுப்புதான். ஆனால் இதைப் பிடித்துக்கொள்பவர்கள் கொடுக்க வேண்டிய விலையையும் சொல்லிவிட வேண்டும். எந்தத் துன்பத்துக்குப் பின்னாலும் நமக்குத் தெரியாத நன்மை இருக்கலாம் என்றால், நீரில் மூழ்கும் குழந்தையை நான் காப்பாற்றுவது சரியா என்பதே சந்தேகமாகிவிடும். கடவுளின் நோக்கங்கள் அவ்வளவு மறைவானவை என்றால், அவர் தந்த வாக்குறுதிகளை நான் புரிந்துகொண்டேன் என்று எப்படிச் சொல்வது? தெரியாது என்ற கதவைத் திறந்துவிட்டால் அது ஒரு பக்கம் மட்டும் திறப்பதில்லை.

என் நிலையைச் சொல்கிறேன். துன்பம் கடவுளுக்கு எதிரான சான்றுதான். இல்லை என்று நான் பாசாங்கு செய்ய மாட்டேன். ஆனால் தராசில் அது மட்டுமே இல்லை. எதுவுமே இல்லாமல் போகாமல் ஏன் ஏதோ ஒன்று இருக்கிறது, மனச்சாட்சி எங்கிருந்து வருகிறது, வழிபாட்டில் மனிதர்கள் உணர்வது என்ன போன்றவையும் எடையாக இருக்கின்றன. மொத்தத்தையும் தூக்கிப் பார்த்து ஒருவர் நம்பலாம், இன்னொருவர் மறுக்கலாம். இருவருமே நேர்மையாக இருக்க முடியும்.

யார் கேட்கிறார்கள்?

இதுவரை சொன்னதெல்லாம் மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு. தரையில் விழுந்து கிடப்பவருக்கு இதில் எதுவும் உதவாது.

என் அக்காவின் குழந்தை ஏழு மாதத்தில் இறந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் ஒருவர், 'கடவுளுக்கு ரொம்பப் பிடிச்ச குழந்தைம்மா, அதான் சீக்கிரமே கூப்பிட்டுக்கிட்டார்' என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அக்கா நிமிர்ந்து பார்த்து, 'அவ்வளவு பிடிச்சிருந்தா எனக்கு ஏன் குடுத்தார்?' என்று கேட்டாள். அவள் ரோவைப் படித்ததில்லை, நன்கணியாரையும் படித்ததில்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் அன்றும் பதில் இல்லை, இன்றும் இல்லை. பிளான்டிங்காவை அங்கே எடுத்து வைத்திருந்தால் அது கொடுமையாக இருந்திருக்கும்.

ருஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின் மூன்று வயது நிறையாத மகன் 1878இல் இறந்தான். அதன்பின் எழுதிய நாவலில் வரும் இவான் என்ற பாத்திரம், கடவுளை மறுப்பதில்லை. கடைசியில் எல்லாம் இசைவாகிவிடும் என்பதைக்கூட ஏற்றுக்கொள்கிறான். ஆனால் ஒரு குழந்தையின் கண்ணீர் அந்த இசைவுக்கு விலை என்றால், தனக்கு அங்கே நுழைவுச்சீட்டு வேண்டாம், திருப்பித் தந்துவிடுகிறேன் என்கிறான். கடவுள் நம்பிக்கை உள்ள ஒருவர், நம்பிக்கைக்கு எதிரான வாதத்தை இவ்வளவு வலுவாக எழுதினார் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

யூதர்களும் கிறிஸ்தவர்களும் புனிதமாகக் கருதும் யோபுவின் கதையிலும் இது நடக்கிறது. குற்றமற்ற யோபு பிள்ளைகளை, செல்வத்தை, உடல்நலத்தை இழக்கிறார். மூன்று நண்பர்கள் வருகிறார்கள். 'நீ ஏதோ பாவம் செய்திருப்பாய். கடவுள் காரணமில்லாமல் தண்டிக்க மாட்டார்' என்று பக்கம் பக்கமாக வாதிடுகிறார்கள். யோபு ஏற்கவில்லை, கடவுளே வந்து பதில் சொல்லட்டும் என்று கத்துகிறார். கடைசியில் கடவுள் பேசுகிறார். துன்பத்துக்குக் காரணம் என்ன என்று ஓரிடத்திலும் சொல்வதில்லை. ஆனால் தன் சார்பில் அவ்வளவு வாதாடிய அந்த நண்பர்களைத்தான் கடிந்துகொள்கிறார். என் ஊழியன் யோபுவைப் போல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார்.

அந்த நண்பர்கள் வந்த புதிதில் வேறு மாதிரி இருந்தார்கள். யோபுவின் துயரம் எவ்வளவு பெரிது என்பதைக் கண்டு, ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.